பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

வங்கி அனுப்பிய பட்டியலில் நாற்பத்தொரு பேர்.
கல்விக் கடன், கட்டாதவர்கள்.
"சாயங்காலத்துக்குள்ள அடிச்சிடும்மா.
அச்சு ஒண்ணுதான், பேரும் தொகையும் மாத்தணும்"
என்று சொல்லிவிட்டு சீனியர் கோர்ட்டுக்குக் கிளம்பினார்.

சத்துவாச்சாரி. ஏப்ரல்.
மாடி அறையின் மின்விசிறி
சுடுகாற்றை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு
வாய்தா போட்டுக்கொண்டிருந்தது.

குடியாத்தத்தில் ஒரு நர்ஸ்.
பொறியியல் பதினேழு.
திருவலத்தில் ஒருவன், படிப்பை முடிக்கவேயில்லை,
கடன் மட்டும் முடித்த கணக்கில் வருகிறது.
இருபத்தாறாவது வரியில்
நான்.

ரேணுகாதேவி, த/பெ சம்பந்தி, லத்தேரி.
முதலில் எழுத்துப்பிழையைத் திருத்தினேன்.
சம்பங்கி.
அப்பாவை யாருக்காவது சம்பந்தியாக்குவதை
இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

"எமது கட்சிக்காரரின் அறிவுறுத்தலின்பேரில்
தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால்"
இந்த ஒரு வாக்கியத்துக்காக
ஐந்து வருடம் சித்தூர் பஸ்.
கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டினால்
பலகைகள் தெலுங்குக்கு மாறும்,
நான் குறிப்பேட்டைத் திறப்பேன்.
வாங்கியது மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
திரையில் இருப்பது ஆறு லட்சத்து நாலாயிரம், சொச்சம்.
கறுப்பு கவுனும் பார் கவுன்சில் பதிவும் இதில் சேராது.
அவை இரண்டு வெள்ளாடு, ஒரு கிடா.

கூடப் படித்த மீனலோசனி
பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர் லாட்ஜில்
வரவேற்பு மேசையில் வங்காளம் பேசுகிறாள்.
மாதம் பதினாறாயிரம், மதியச் சாப்பாடு.
பி.ஏ., பி.எல். என்று அங்கே யாரும் கேட்பதில்லை.
"உனக்கு?" என்றாள் போன வாரம்.
வாரம் ஆயிரத்து ஐந்நூறு என்றேன்.
தந்தால், என்பதைச் சொல்லவில்லை.

கடைசிப் பத்தி எப்போதும் ஒன்றே:
"இவ்வறிவிப்பின் செலவு ரூபாய் ஆயிரத்து ஐந்நூறும்
தங்களையே சாரும்."
என்னிடம் கடன் கேட்க
என் ஒரு வார உழைப்பு எனக்கே செலவு.
சிரிப்பு வந்தது. பக்கத்து மேசை குமாஸ்தா
என்னம்மா என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
படித்துக்கொண்டிருந்த காலத்துக்கும்
அபராத வட்டி போட்டிருக்கிறார்கள்.
மேலே போனேன். நர்ஸுக்கும்.
திருவலத்தானுக்கும்.
பெயரைத் திருத்திய விரல் அங்கே நின்றது.
நான் வங்கிக்காக அடிப்பவள்.
வங்கி என் எதிர்தரப்பு.
தொழில் ஒழுக்கம் தாளில் அறுபத்தெட்டு மார்க் எனக்கு;
இந்தக் கேள்வி அதில் வரவில்லை.
வட்டியைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.
நாற்பத்தொரு உறைக்கும் பசை தடவினேன்.

திங்கட்கிழமை, கே.வி.குப்பம் ஆட்டுச்சந்தை கலைந்ததும்
அப்பா நேராக என் அறைக்கு வந்தார்,
சட்டையில் கிடா வாசனை, பையில் தபால்.
அவர் சக கடன்தாரர். கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார்.
"உங்க ஆபீஸ் முத்திரை இருக்குது.
வேலையை நிரந்தரம் பண்ணிட்டாங்களா?"

படித்துக் காட்டினேன். முழுசாக.
யார் அடித்தது என்பதையும்.

அவர் கோபப்படவில்லை.
முப்பது வருடத் தரகு.
விலை கேட்டு முகம் மாறினால் தொழில் போச்சு.
தோள் துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டார்.
"எவ்வளவுல முடியும்?"

துண்டுக்கடியில் கையை விட்டேன்.
அபராத வட்டி போக,
லோக் அதாலத்தில் பேசினால் இறங்குவது போக,
அவர் உள்ளங்கையில் நான்கு விரல் அழுத்தினேன்.
ஒன்றை மடக்கிவிட்டார்.
மறுபடி நிமிர்த்தினேன்.
மறுபடி மடக்கினார்.

"இந்த வட்டித் தப்பு அவங்களுக்குத் தெரியுமா?"
"தெரியாது."
"உனக்கு?"
"தெரியும்."

கொஞ்ச நேரம் வெளியே
ஆற்காடு பஸ்ஸின் ஹாரனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
பிறகு, துண்டை எடுக்காமலே,
"பதில் நோட்டீஸ் எழுதற வக்கீலுக்கு எவ்வளவு?"

அதற்கு மட்டும் நான் விரல் காட்டவில்லை.