இருவர் எழுந்தோம்

என் பெயருக்குச் சாமி காரணமில்லை, தாத்தனும் இல்லை.
ஏற்காட்டுப் பாதை, பதினேழாம் கொண்டை ஊசி,
மிளகு மூட்டை ஏற்றிய ஜீப்.
அதற்கு மேல் அம்மாவால் முடியவில்லை.

டிரைவர் சடையாண்டி சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு
பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றாராம்.
அழுகை கேட்டதும் அவரே சொன்னாராம்:
வளைவரசன்.

பள்ளியில் வலைவரசன் என்று எழுதினார்கள்.
வங்கியில் வளையரசன்.
"வளையல் கடையா?" என்றது செவ்வாய்ப்பேட்டை.
வாக்காளர் பட்டியலில் எனக்கு ஒரு துணை இல்லை.
நாகலூரில் ஒரு கிடாய்க்கு வைத்திருந்தார்கள்,
அதுவும் ஆடியோடு சரி.

நானும் ஜீப்தான் ஓட்டுகிறேன்.
பின்கண்ணாடியில் மஞ்சளாய் என் பெயர்.

போன மாதம் சேலம் பெரியாஸ்பத்திரி,
ரத்தப் பரிசோதனை வரிசை.
"வளைவரசன்!"
இருவர் எழுந்தோம்.

அவனுக்கு ஆறு வயது, முன்பல் இல்லை.
"எந்த வளைவுல பொறந்தான்?" என்றேன் அப்பாவிடம்.
"வளைவா? நாங்க கொண்டலாம்பட்டிங்க.
இவன் வயித்துல இருக்கறப்போ
ஒரு ஜீப்புக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டோம்.
மலை இறங்குற வரைக்கும் என் சம்சாரம்
இந்தப் பேரையே படிச்சுக்கிட்டு வந்தா.
முந்திப் போக எடமே தரல அந்த ஆளு."

சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.
"சின்னவர் முதல்ல போகட்டும்" என்றேன்.