கடைசி ரெண்டு அங்குலம்

ரத்தன் பஜாரில் எவர்சில்வர் கண்ணைக் கூசும் வரிசையில்
மூன்றாவது கடை.
ஒற்றைக் காதில் இயர்போன் மாட்டிய பையன்
நிமிராமல் கேட்டான்:
"வாழைக்காயா, உருளையா, சாலடா?"
மெல்லிசா வரணும் என்றேன்.
"எல்லாருக்கும் அதான் வேணும்."

மூன்றை எடுத்துப் போட்டான்.
பச்சை பிளாஸ்டிக், நூற்றிருபது ரூபாய்,
அழுத்தினால் வளைகிறது.
"இது வளையறப்போ உங்க கை எங்க போகும்னு
இதுக்கே தெரியாது சார்."
முழு ஸ்டீல் ஒன்று. விலையைக் கேட்டதும்
பெட்டியை மெதுவாக மூடி வைத்தேன்.
நடுவிலிருந்தது பரவாயில்லை:
சாய்ந்து சந்திக்கும் இரண்டு கத்தி,
கனத்தை மாற்ற ஒரு திருகு,
காலில் ரப்பர்,
கூடவே தொப்பி மாதிரி ஒரு பிடி,
தொப்பிக்குள் நாலு முள்.
எண்ணூற்றைம்பது. எழுநூறுக்கு இறங்கினான்.

சாப்பாட்டுப் பையிலிருந்து தன் வெள்ளரிக்காயை எடுத்துச்
சீவிக் காட்டினான்.
விழுந்த வட்டத்தின் வழியே
அடியில் விரித்திருந்த தினத்தாளில்
மணமகன் தேவை படிக்க முடிந்தது.
பாதி தாண்டியதும் பிடியைக் கவிழ்த்தான்.
இன்னும் கொஞ்சம் போய்
நிறுத்திக்கொண்டான்.
"கடைசி ரெண்டு அங்குலத்த விட்டுடுங்க.
அது சாம்பாருக்கு."
அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு
அடுத்தவரைப் பார்த்தான்.

பெரம்பூர் வரைக்கும் பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று ஞாயிறு ஒழுங்காகத்தான் போனது.
உருளைக்கு ஒன்று, கோஸுக்கு இரண்டு,
தண்ணீரில் அலசித் துணியில் உலர்த்தி
எண்ணெயில் போட்டால்
அப்பளத்துக்குத் தம்பி மாதிரி எழும்பும்.
மாடிவீட்டு அற்புதம்
சீவுகட்டையைப் பார்க்கவே வந்து போனார்.

நாலாவது ஞாயிறு
பிடி, ஃப்ரிட்ஜ் தலையில்
கரண்ட் பில்லுக்கு மேல் இருந்தது.
எட்டி எடுக்க அரை நிமிஷம்.
உருளை நெல்லிக்காய் அளவு மிச்சம்.
செல்போனில் கடைசி ஓவர்.
இன்னும் ஒரே ஒரு இழுப்பு.

வலி உடனே வரவில்லை.
சீவல் ஒன்று மட்டும்
வேறு நிறத்தில் விழுந்தது.

ஸ்டான்லியில் நைட் டூட்டிக்குக்
கிளம்பிக்கொண்டிருந்த ரெஜினா
வெள்ளைப் புடவையோடு வந்து
என் பெருவிரலை அழுத்திப் பிடித்தாள்,
கடிகாரத்தைப் பார்த்தபடி,
பத்து நிமிஷம்.
"கைய மேல தூக்கு. இன்னும் மேல."
எட்டு மணி நேரம் ஊருக்குப் பார்ப்பவள்,
ஒன்பதாவதாக எனக்கும்.
கட்டுப் போட்டாள்.
ஃப்ரிட்ஜ் மேலிருந்து பிடியை எடுத்துத்
தூசி ஊதி
என் எதிரில் வைத்துவிட்டுப் போனாள்.
திட்டியிருக்கலாம்.

மாசக் கடைசியில் ரேஷன் கடை.
கண்ணாடியில் பெருவிரலை வைத்தேன்.
இல்லை என்றது.
துடைத்து வைத்தேன். இல்லை.
"ஸ்மார்ட் கார்டுல இருக்கறது நீங்கதானா?"
பின்னால் நின்ற அம்மா,
"வேற விரல் வைங்கண்ணே, பால் வாங்கப் போவணும்."
ஆள்காட்டியை வைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு
நான் நான்தான் என்று ஒப்புக்கொண்டது.
சர்க்கரை, பருப்பு,
பாமாயில் ஒரு பாக்கெட்.
பாமாயிலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது பிடி, கட்டையோடு சேர்த்து
ரப்பர் பேண்டில் கட்டியிருக்கிறது.
ஒன்றை எடுத்தால் மற்றதும் வரும்.
இடது வலது எதற்கும் பொருந்தும்
சாம்பல் நிறக் கையுறை ஒன்று வாங்கினேன்.
போட்டுக்கொண்டால் வெல்டிங் பட்டறை ஆள் போலிருக்கிறேன்.
கழுவும்போது ஸ்பாஞ்ச் இல்லை, பழைய பிரஷ்,
கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து.
கை துழாவும் டிராயரில் வைப்பதில்லை.

மிச்சத் துண்டுகளெல்லாம் சாம்பாரில் மிதக்கின்றன:
கேரட் வால், முள்ளங்கி அடி, உருளைக் குமிழ்.
டூட்டி முடிந்து வந்த ரெஜினா
ஒன்றைக் கரண்டியில் தூக்கிப் பார்க்கிறாள்.
அதில் நாலு துளை.
"இத யாரு கடிச்சது?"

என் பெருவிரலில் ஓரிடத்தில்
இன்னும் கோடு வரவில்லை.
வழவழவென்று இருக்கிறது,
யார் பேரிலும் பதியாத மனை மாதிரி.
அதால் தட்டைத் தள்ளி
இன்னொரு கரண்டி ஊற்று என்றேன்.