ஐம்பது கிலோ கூடுதல்

ஏஜெண்ட் ஜெயசிம்மனைப் படைத்தவர்
பதினான்காம் புத்தகத்தில்
ரோஸலினை அரை வரியில் கொன்றார்.
மீதி அரை வரியில்
அவனுக்கு சிகரெட் பற்றவைத்தார்.

புளியரை எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
அவளைச் சாகவிடாதவர்கள் எழுதுவதைப் படிக்கிறேன்.
எல்லாரும் என்னைப் போல வாசகர்கள்தான்,
பொறுக்கமுடியாமல் பேனா எடுத்தவர்கள்.

ஒருவர் அவளுக்குக் கராச்சியில் தையல்கடை வைத்துக்கொடுத்தார்.
பொத்தான் வரிசையில் சங்கேதம் போகும்;
ஆனாலும் ஒருத்திக்கும் ரவிக்கை அளவு தப்பியதில்லை.
இன்னொரு கதையில்
வேவு பார்க்கும் மொட்டைமாடியில் பதினோரு நாள்
அவளும் ஜெயசிம்மனும்.
எதிர்வீட்டு ஜன்னல் கடைசிவரை திறக்கவில்லை.
அவன் காய்ச்சலில் கிடந்தான், அவள் ரசம் வைத்தாள், உப்பு கூடிவிட்டது.
ஒரு தோட்டாகூட வெடிக்காத கதை.
மூன்றாம் தடவை படிக்கையில்
கோழி லாரி ஒன்று எடை போடாமலே போய்விட்டது.

பிழைகள் உண்டு.
'துபாக்கி' என்றே எழுதுகிறார் ஒருவர், கடைசிவரை.
இருக்கட்டுமே.
ஒற்றர் கதையில் ஒற்று
ஒளிந்துகொண்டால் குற்றமா?

பிறகுதான் நெல்லிக்காய் வந்தார்.
புனைபெயர்; ஆணா பெண்ணா தெரியாது.
ரோஸலினை வைக்கோல் லாரியில் ஏற்றி
தென்காசி, செங்கோட்டை தாண்டவைத்து
ஆரியங்காவு மலைக்கு அடிவாரத்தில் நிறுத்தினார்.
"அங்கே ஒரு எடைமேடை.
இடது மூலைத் தகடு சாரலில் ஊறினால்
எண் கொஞ்சம் கூடக் காட்டும்."

என் டீ ஆறிப்போனது.
அந்தத் தகடு
எனக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும்,
ரிப்பேருக்கு வந்துபோன பையனுக்குத் தெரியும்.
எந்த நோட்டிலும் எழுதியதில்லை.

கதையில் எடை போடுகிறவளுக்குப் பெயர் கிடையாது.
சீட்டைப் பார்க்கிறாள்: ஐம்பது கிலோ கூடுதல்.
வைக்கோலைப் பார்க்கிறாள்.
டிரைவர் மூச்சுவிடவில்லை.
"சாரல்" என்கிறாள், முத்திரை குத்துகிறாள்.
ஒரே ஒரு வசனம்.
அதற்குப் பிறகு ரோஸலின் கேரளத்தில் இருக்கிறாள், உயிரோடு.

என்னைச் சுருட்டைமுடி என்று எழுதியிருக்கிறார்.
எனக்கு நேர்முடி.
மாறுவேஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

யாரென்று தேடாமல் இல்லை.
புனலூர் தோமாச்சன் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா;
ஆனால் அவர் தமிழில் பஸ் போர்டையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.
சாவடி ஏட்டம்மா பேச்சிக்கனி
எடைச்சீட்டை ஏன் அவ்வளவு நேரம் படிக்கிறார்?
கேட்கவில்லை.
ஒற்றனை அடையாளம் கண்டு சொல்லிவிட்டால்
அன்றைக்கே ஊர் மாற்றிவிடுவார்கள்.

நேற்று இரண்டேகால் மணிக்கு வைக்கோல் லாரி.
ஆனி பிறந்தும் வெறும் காற்று,
தரையெல்லாம் காய்ந்து கிடந்தது.
ரசீதைவிட நாற்பத்தைந்து அதிகம்.
டிரைவர் வாய் திறக்குமுன் சொன்னேன்:
"சாரல்."
அவன் தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
வண்டியை எடுத்தான்.

பாவம்,
அஞ்சு கிலோ மெலிந்திருக்கிறாள்.