படக்குறிப்பு: பெயர், பதவி, ஊர்

கடற்படை இதழுக்குப் பன்னிரண்டு படம் வேண்டும்.
"அன்றாடம்" என்று தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்.
அன்றாடத்தில் பீரங்கி ஒன்று, வணக்கம் ஒன்று,
கொடி கட்டாயம்
என்று அடியில் பேனாவால் ஒரு வரி.

புந்தா அரேனாஸில் ஏறினேன்.
கலங்கரை விளக்கக் காவலர்களுக்கு
மாவும் டீசலும் ஒரு தையல் இயந்திரமும்
ஏற்றிப்போகும் ரோந்துக் கப்பல்.
எண்பத்தொரு பேர்.
உருளைக்கிழங்கு மூட்டைகளின் பக்கத்தில் எனக்குப் படுக்கை.

முதல் நாள் எல்லாரும் போஸ் கொடுத்தார்கள்.
இரண்டாம் நாள் வயிற்றை எக்குவதை விட்டார்கள்.
மூன்றாம் நாள்தான் நான் படமெடுக்க ஆரம்பித்தேன்.

எஞ்சின் குழாயில் காயும் காலுறைகள்,
ஒன்றுக்கும் ஜோடி இல்லை.
ரேடார் திரை வெளிச்சத்தில்
கால்நகம் வெட்டிக்கொள்ளும் எலிசியோ பாரியெந்தோஸ்.
பெற்றுப் பதினொரு நாளான மகளின் பெயரை
வானொலி அறையில் எழுத்தெழுத்தாகக் கேட்டு
கை முதுகில் குறித்துக்கொள்ளும் பையன்.
அவனுக்குக் கை கழுவ மனமில்லை, சாப்பிடவும் இல்லை.

பெனாஸ் வளைகுடா. பெயரே துயரம்தான்.
தட்டுகள் மேசையை விட்டுக் கிளம்பிப்போக
மருத்துவர் சூப்புக் கிண்ணத்தை
மார்போடு அணைத்துக் குடித்தார்.
ஒரே வாளிக்கு இரண்டு பேர்,
"முதலில் நீங்கள்" என்று உபசாரம் வேறு.
அந்தப் படம் ஆடிவிட்டது.
ஆடியதுதான் சரி.

சலவை அறை மன்சில்யா மட்டும் சிக்கவில்லை.
முகங்கொடுத்துப் பேசுவார், மணிக்கணக்கில்.
நீராவிக்குள் நின்றபடி, காலர் அழுக்கை வைத்தே
யார் வீட்டில் கடிதம் வரவில்லை என்று சொல்வார்.
காமிராவைத் தூக்கினால்
முகத்தை மட்டும் கொடுக்கமாட்டார்.

"அன்கூதில் மூன்று பேருக்குக் கடன், சென்யோரா.
எழுத்தைப் படிக்கமாட்டார்கள்.
படம் பார்ப்பார்கள்."
சிரித்தாரா, தெரியவில்லை.
முகத்துக்கு முன்னால் ஒரு போர்வையை உதறிக்கொண்டிருந்தார்.

கரை சேர்ந்து, நானூறு படங்களையும்
பெரிதாக்கிப் பார்த்த இரவில் கண்டுபிடித்தேன்.
மருத்துவர் சாயாமல் அவர் தோளைப் பிடித்திருக்கும் கை.
வாளிக்காரர்களின் ஓரத்தில், நனைத்த துண்டோடு ஒரு கை.
பாரியெந்தோஸின் பின்னால்
மடித்த சட்டைகள் நடந்து போகின்றன, கால் மட்டும் தெரிய.
எங்கு பார்த்தாலும் சுருட்டிய கைமடிப்பு,
முழங்கையில் இஸ்திரிப்பெட்டிச் சூடு,
முனை கூர்த்த சின்னப் படகாக.

இதழ் ஒரே ஒரு படத்தைப் போட்டது. கொடி.
ஆலங்கட்டி மழையில் ஏறுகிற கொடி,
பார்க்காமலே நான் எடுத்தது.
இடது மூலையில் கயிற்றை இழுக்கும் முழங்கையை
"இது யார்?" என்று கேட்டு,
பதில் வருமுன்பே வெட்டிவிட்டார்கள்.
அச்சில் கயிறு தானாக ஏறுகிறது.
படக்குறிப்பில் கப்பலின் பெயர், அட்சரேகை.

வெட்டாத பிரதியை அவருக்கு அனுப்பினேன்,
பின்புறம் எழுதி:
மன்சில்யா, ஹுவான் பெலார்மினோ. சலவை. அன்கூத்.

நான்கு மாதம் கழித்துப் பதில்,
கஞ்சி போட்டதுபோல் விறைப்பான தாளில்:
"ஒருவருக்கு அடைத்துவிட்டேன்.
அடுத்த முறை
காதுவரை எடுத்துக்கொள்ளலாம்."