நிகர எடை

சிப்காட் சாலை எடைமேடையில்
பத்துக் கிலோவுக்குக் கீழே எதற்கும் எடையில்லை.
அறுபது டன் தாங்கும் இரும்பு
ஒரு நாவலை வைத்தால்
பூஜ்யம் என்கிறது.

என் புத்தகம் முந்நூற்றுப் பத்து கிராம்.
மஞ்சக்குப்பம் தபால் ஆபீஸ் தராசு சொன்னது.
அட்டையோடு, நன்றியுரையோடு,
நாற்பத்தேழாம் பக்கத்தில்
'கரை' கறையாகிப் போன பிழையோடு.

சிவகாசியிலிருந்து கட்டுகள் வந்த அன்று
டாட்டா ஏஸை மேடைமேல் ஏற்றச் சொன்னேன்.
சரக்கு என்ன என்ற கட்டத்தில்
விரல் கொஞ்சம் நின்றது.
'இதர' என்று அடித்தேன்.
மொத்தத்தில் காலி வண்டியைக் கழித்தால்
நிகரம் தொண்ணூறு.
முந்நூறு பிரதிக்குத் தொண்ணூற்று மூன்று வரவேண்டும்.
மூன்று கிலோவை இயந்திரம் விழுங்கிவிட்டது.
ஏறக்குறைய பத்துப் புத்தகம்.
இலவசப் பிரதிக்கு
முதலில் கை நீட்டியது அதுதான்.

அப்புறம் நீட்டியவர்கள் முப்பத்தாறு பேர்.
படித்தீர்களா என்று கேட்டு
இரண்டு நண்பர்களை இழந்தேன்.
இப்போது கேட்பதில்லை.

பதிப்பாளரும் நானே.
பதிப்பகம் செம்மண்டலத்தில்,
வாடகை வீட்டுக் கட்டிலுக்கு அடியில்.
கெடிலம் ஏறுகிறது என்று செய்தி வந்தால்
கட்டுகள் கட்டிலின் மேலே,
நாங்கள் கீழே.

பிழை திருத்தியது கோமளவல்லி.
அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ்.
நைட் டியூட்டி முடிந்து வந்து
மை பென்சிலால் சுழித்துச் சுழித்துப் போட்டாள்.
கொலைக் காட்சியில் ஒரு பத்தியே போயிற்று.
'இவ்வளவு ரத்தம் ஒரு ஆளுக்குக் கிடையாது.'
வார்டில் நான்கு பிரதி விற்றதும் அவள்தான்.
காலில் மாவுக்கட்டு போட்டவர்கள்
எழுந்து ஓட முடியாது பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்துக் கடையில்
குரூப் ஃபோர் வழிகாட்டிகளுக்கு நடுவே
ஐந்து பிரதி, நாற்பது சதம் கழிவு.
வார விடுமுறையில் போவேன்.
வேறெதையோ தேடுகிறவன் போல
முதுகு காட்டி நிற்கும் புத்தகத்தை
முகம் தெரியத் திருப்பி வைப்பேன்.
போன மாதம் நானே ஒன்று வாங்கினேன்,
கடைக்காரருக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று.
'இது போகுதாண்ணே?'
'எழுதினவரே வாங்கினா போகும்' என்றார்
சில்லறையை எண்ணிக்கொண்டே.

நேற்று ராத்திரி இரண்டு நாற்பதுக்குத்
தூத்துக்குடி உப்பு லாரி வந்தது.
டிரைவர் எபனேசர், மூன்று வருடப் பழக்கம்.
'இதுல என்ன சார் கிடைக்குது?'
கணக்கைச் சொன்னேன்.
போட்டது நாற்பத்தோராயிரம்,
வந்தது ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
'அதைக் கேக்கல' என்றார்.

அவர் பின்விளக்கு வளைவில் மறைந்த பிறகுதான்
பதில் வந்தது.
என் பதில்கள் எப்போதும் அப்படி,
கேட் மூடியபின் வந்து ஹாரன் அடிக்கும்.

லாரிகள் தங்கள் எடையோடு
வெளியே போய்விடுகின்றன.
டீ ஆறும்வரை டிரைவர்கள் சொன்னது மட்டும்
இங்கேயே இறங்கிவிடுகிறது.
லோடு பிந்தினால் அபராதம் என்பதால்
சொந்த மகளின் கல்யாண மண்டபத்தை
ஹாரன் மட்டும் அடித்துவிட்டுக்
கடந்துபோன ஒருவர்
இதே பெஞ்சில் உட்கார்ந்து
டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.
எந்த மேடையில் ஏற்றுவது அதை?
எந்தக் கட்டத்தில் அடிப்பது?
'இதர' என்றா?

மேடை காலி.
கடல் பக்கமிருந்து காற்று,
அதில் ஆலையின் அழுகின முட்டை வாடை.
ஏறி நின்றேன். சிவப்பு எண்ணில் அறுபது.
இறங்கி, பாதி எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு
மறுபடி ஏறினேன்.
அறுபது.

சீட்டைக் கிழித்தேன்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
எபனேசரின் மகளுக்கு
முதலில் வேறொரு பெயர் வேண்டும்.