பங்காளியா, மாமன் மச்சானா

கொறங்காட்டில் மழை பெய்து மூன்றாம் நாள்.
கிளுவை வேலியோரம் குத்தவைத்து
சாணியைக் குச்சியால் புரட்டுகிறேன்.
கட்டைவிரல் நகத்தில் பாதிகூட இல்லை,
கொம்பு வைத்த கறுப்பு வண்டு.
ஏழு வண்டு, ஏழு குப்பி,
ஏழு முறை எத்தனாலில் கால் உதறி அடங்குதல்.

காட்டுக்காரர் பைக்கை நிறுத்தி
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"என்ன மருந்துக்குங்க?"
மருந்துக்கில்லைங்க, சொந்தம் பார்க்க.
"பீ வண்டுக்கா?" சிரித்தார்.
பிறகு, "அம்மிணிக்கு எந்த ஊருங்க?"
சென்னிமலைப் பக்கம்.
"சென்னிமலைல எங்கெ?"
தறிக்குடோனுக்குப் பின்னால.
"பின்னாலன்னா..."
அந்த மூன்று புள்ளிகளை
விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும்.
பைக்கில் தொங்கிய தண்ணீர்ப் பாட்டிலை
அவர் நீட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

கோயமுத்தூர் லேபில் கரண்ட் போனால்
முதலில் ஓடுவது மைனஸ் எண்பது பெட்டிக்கு.
அதற்குள் மூன்று ஊர் வண்டுகள்:
காங்கயம், தாராபுரத்து ஆற்றங்கரை,
காட்டெருமைச் சாணி தின்ற ஆனைமலை.
லென்சுக்கு அடியில்
காங்கயமும் தாராபுரமும் ஒரே அச்சு.
அதே கொம்பு வளைவு,
முதுகில் அதே ஊசிக்குத்துகள்.
பெட்டியில் இத்தனை காலம்
ஒரே பெயர்ச்சீட்டின் மேல் குண்டூசியில் நின்றவை.

ஒரு கால் போதும். அரைத்தேன்.
நூற்றைம்பது எழுத்துத் துணுக்குகள்
கோடிக்கணக்கில் வந்து விழ,
ஓரத்தோடு ஓரம் பொருத்திச் சேர்த்ததில்
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மரபணுக்கள்.
ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி:
காங்கயத்துக்கு யார் நெருக்கம்?

ஆனைமலை என்றவை எழுநூற்றுப் பன்னிரண்டு.
தாராபுரம் என்றவை முந்நூற்று எண்பத்தொன்பது.
இரண்டும் இல்லை, அவை தங்களுக்குள்தான் நெருக்கம்
என்று கைவிரித்தவை இருநூற்றுப் பதினொன்று.
தாயிடமிருந்து மட்டும் இறங்கும் சின்ன வளையம்
யாரோடும் கலந்து பேசாமல்
தாராபுரம் பேரைச் சொன்னது.

பழைய வீட்டின் மிச்சம் மட்டுமென்றால்
தோற்ற இரண்டு கட்சிக்கும்
ஓட்டு ஏறக்குறைய சமமாக விழுந்திருக்கும்.
நூற்று எழுபத்தெட்டு எப்படிக் கூடியது?
எங்கள் பக்கத்தில் இதற்குச் சுருக்கமான கேள்வி உண்டு:
பங்காளியா, மாமன் மச்சானா?
பிறப்பால் வந்த ஜாடையா,
கொடுத்து எடுத்ததில் வந்த ஜாடையா?

ஆனைமலைக்கு இவன் பங்காளி.
தாராபுரத்துக்கு மாமன் மச்சான்.
என்றோ அமராவதி வற்றிய ஒரு கோடையில்
மணலைக் கடந்து வந்திருக்கிறாள் ஒருத்தி,
ஒரு சாணி உருண்டையின் வாசம் பிடித்து.
பொருத்தம் பார்க்க ஆளில்லை.
ஊரைக் கூட்டவும் ஆளில்லை.

மரம் வரைந்தேன்.
இரண்டு கிளைகளுக்குக் குறுக்கே
ஒரு புள்ளிக்கோடு.
கைடு நிர்மலகுமாரி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"மரம்னா மரமா இருக்கணும்மா.
புள்ளிக்கோடு ரொம்ப அடர்த்தி, லேசாக்கு."

அன்று சாயங்காலம் காட்டுக்காரர் கூப்பிட்டார்,
அனுமதிக் கடிதத்தில் இருந்த நம்பருக்கு.
"சொந்தம் தெரிஞ்சுதுங்களா?"
தெரிஞ்சுதுங்க. பார்க்க ஒண்ணு, உள்ள வேற.
வேறன்னாலும் முழுக்க வேற இல்லைங்க.
"அப்படீங்களா" என்றவர் கொஞ்சம் நிறுத்தி,
"அம்மிணி அன்னிக்கு முழுசாச் சொல்லவே இல்லீங்களே,
குடோனுக்குப் பின்னாலன்னா?"

சிக்னல் சரியில்லைங்க என்றேன்.
புள்ளிக்கோட்டை லேசாக்காமலே
அனுப்பிவிட்டேன்.