நிறமில்லாதது

ஜெலுத்தோங் அடுக்குமாடி, பதினோராம் தளம்.
கடல் தெரியாது. அதன் ஈரம் மட்டும்
கேட்காமல் உள்ளே வந்து உட்காரும்.
சாயம் அடித்தால் மூன்றே மழையில் உதிர்கிற சுவருக்குத்
துணி ஒட்டினேன்.
பாசிப்பயறு நிறப் பருத்தி,
லிட்டில் இந்தியாவில் வாங்கியது, பன்னிரண்டு மீட்டர்.
மரவள்ளி மாவுக் கஞ்சி,
இரண்டு ஞாயிறு, ஒரு கழுத்துவலி.

மூன்றாம் மாதம்
நாற்காலிக்கு மேலே ஒரு வட்டம்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து
காலுறையைக் கழற்றும் முன்
குணசீலன் தலை சாய்க்கும் இடம்.
தேங்காய் எண்ணெய், வியர்வை,
பன்னிரண்டு மணி நேரம் போட்டிருந்த தொப்பியின் வாடை.
"தலையணை வெச்சுக்கயேன்" என்றேன்.
"சாயறதுக்குத்தானே சுவரு" என்றான்.
அந்தப் பேச்சு ஒன்பது நாள் ஓடியது.
சவர்க்காரம், எலுமிச்சை, கடலை மாவு எல்லாம் போட்டேன்.
வட்டம் பெரிதானதுதான் மிச்சம்.

பத்தாம் நாள் கடைக்குப் போனேன்.
வார்னிஷ் விற்கும் தியோ
நான் நீட்டிய துண்டுத் துணியை
மீன் செவுளைப் பார்ப்பதுபோல் விரித்துப் பார்த்தார்.
துணிக்கா, சுவரில் ஒட்டிய துணிக்கா?
இரண்டும் வேறாம்.
எண்ணெய்ச் சரக்கு இரும்பு மாதிரி நிற்கும்,
ஆனால் வருஷத்தில் மஞ்சளாகும்.
தண்ணீர்ச் சரக்கு மஞ்சளாகாது,
ஆனால் காய்ந்த கஞ்சியை எழுப்பிவிடும்,
துணி அப்பளம்போல் குமிழும்.
தெளிப்பான் ஒன்று இருக்கிறது,
பூசியதே தெரியாது. தாங்கவும் தாங்காது.
"பளபளப்பு வேண்டாம் லா,
ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்."
பிறகு, பில் எழுதிக்கொண்டே,
"கறை இருந்தா முதல்ல எடுத்துடு.
மேலே பூசிட்டா கறைக்கும் பாதுகாப்புதான்."

மூன்று சின்ன டப்பா. அறுபத்திரண்டு வெள்ளி.
மூன்றிலும் 'நிறமற்றது' என்று ஒரே சத்தியம்.

மிஞ்சிய துணியை அட்டைகளில் ஒட்டி
இரவு இரண்டரைக்குப் பூசினேன்.
தெளித்தது காய்ந்தது, தெளித்த ஞாபகமே அதற்கில்லை.
ஒரு சொட்டுத் தேநீர் விட்டேன். குடித்துவிட்டது.
பால்போல் வெளுத்துப் பயமுறுத்திய தண்ணீர்ச் சரக்கு
மின்விசிறிக் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாய்
துணியின் நிறத்துக்கே திரும்பியது.
ஓரத்தில் மட்டும் ஒரு அப்பளம்.

எண்ணெய்ச் சரக்கு அப்படியில்லை.
தூரிகை பட்டதுமே
ஊறவைத்த பயறாய்க் கருத்தது.
காயும், வெளுக்கும் என்று உட்கார்ந்திருந்தேன்.
கீழே குப்பை லாரி வந்து போனது.
இந்த நிறத்தை எங்கோ பார்த்திருக்கிறேன்.

நாற்காலியை நகர்த்தி,
அட்டையை வட்டத்துக்குப் பக்கத்தில் குத்தி,
விளக்கைத் தூக்கிப் பிடித்தேன்.
அதே நிறம். ஒரு நூல் வித்தியாசமில்லை.

இதைப் பூசினால் கறை காணாமல் போகும்,
சுவர் முழுக்க அவன் சாய்ந்ததாகிவிடும்.
மற்றதைப் பூசினால் சுவர் சுவராக இருக்கும்,
நடுவில் அவன் மட்டும் தெரிவான்,
கண்ணாடிக்குள் வைத்ததுபோல், வருஷக்கணக்கில்.
நான் தேடிப் போனது இரண்டுமில்லை.

ஏழரைக்குக் கதவு திறந்தது.
பாதுகாப்புக் காலணி ஒன்று விழுந்தது.
இன்னொன்று.
அடுப்படியிலிருந்து நான் கத்துவதற்குள்
நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்து
சாய்ந்துவிட்டான், அட்டை மேலேயே.
"என்னமோ ஒட்டுது" என்றான், கண்ணைத் திறக்காமல்.
எட்டு மணி நேரம் காயவிடச் சொல்லியிருந்தது டப்பா.
ஐந்துதான் ஆகியிருந்தது.

தலையை மெதுவாகப் பிரித்தெடுத்தேன்.
அட்டையில் மூன்று முடி. ஒன்று நரை,
எனக்குத் தெரியாத நரை.
நகத்தால் கீறிப் பார்த்தேன்.
அசையவில்லை.

"எதைத்தான் பூசப் போறே?"

"இன்னும் காயல" என்றேன்.